கருவுற்ற பெண்ணும் தொய்வு நோயும்

மணமாகி ஓராண்டு கழிந்த இளம்பெண் ஒருத்தி, தான் தாயாகப் போகும் செய்தியை வைத்தியரிடம் உறுதி செய்துகொண்டு வீடு திரும்புகின்றாள். வீட்டில் மகிழ்ச்சி பொங்குகின்றது. அன்று மாலையே மாமியார் அவளை அருகழைத்து, "பிள்ளை, வயிற்றிலே குழந்தையை வைத்துக்கொண்டு இனி அந்த மருந்தை இழுக்க வேண்டாம்; அது குழந்தைக்குக் கூடாது" என்கின்றார். பெற்ற தாயும் அதனை ஆமோதிக்கின்றார். கணவன் வாய் திறக்கவில்லை. சிறு வயது முதல் தன் மூச்சுக்குத் துணையாயிருந்த மருந்துக் குழலை அப்பெண் எடுத்து அலுமாரியின் மேல் தட்டில் வைத்துவிடுகின்றாள். அவ்வீட்டில் எல்லாரும் கருதியது பிள்ளையின் நன்மையையே. ஆயினும், அந்த ஒரு செயலினால் அவர்கள் அப்பிள்ளையை ஆபத்தின் வாசலிற் கொண்டுபோய் நிறுத்திவிடுகின்றனர்.

இது ஒரு தனி வீட்டின் கதையன்று. தொய்வு நோயுள்ள பெண்கள் வாழும் வீடுகள் பலவற்றில் நடப்பது இதுவே. மேனாடுகளிலும் இவ்வாறே பல பெண்கள் கருவுற்ற முதல் மாதங்களில் மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ விடுகின்றனர். கருவிலுள்ள சிசுவுக்கு மருந்தினால் வரக்கூடிய தீங்கிலும், அடங்காத நோயினால் வரும் தீங்கே பெரிது என்பது வைத்திய உலகத்தின் ஒருமித்த தீர்ப்பாகும். இத்தீர்ப்பு எவ்வாறு பெறப்பட்டது, கருவுற்ற பெண்ணும் அவளைச் சூழ்ந்தோரும் செய்ய வேண்டியவை யாவை என்பவற்றைச் சற்று விரிவாக நோக்குவோம்.

நோயின் இயல்பு

ஆஸ்துமா என்று வைத்தியர்கள் கூறும் நோயை நம் முன்னோர் தொய்வு என்றும், முட்டு என்றும், இழுப்பு என்றும் வழங்கினர். சுவாசப்பைக்குக் காற்றைக் கொண்டு செல்லும் குழாய்களின் உட்புறம் எப்பொழுதும் சிறிது அழன்று, எளிதிற் சினங்கொள்ளும் நிலையில் இருப்பதே இந்நோயின் அடிப்படை. தூசியோ, புகையோ, குளிர்காற்றோ, சாதாரண தடிமனோ தீண்டியவுடன் அக்குழாய்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, உட்சுவர் வீங்குகின்றது, சளி சுரந்து வழியை அடைக்கின்றது. மூச்சு விடுவது பெரும் பாடாகி, நெஞ்சில் சீழ்க்கை போன்ற ஒலி எழுகின்றது.

கருவுற்ற பெண்கள் 100 பேரில் 4 முதல் 8 பேர் வரை இந்நோய் உடையவர்கள் என அமெரிக்க நாட்டுக் கணக்குகள் கூறுகின்றன. ஆகவே, கர்ப்ப காலத்தில் வரக்கூடிய சுவாச நோய்களுள் இதனை ஓர் அரிய நோய் என்று கொள்வதற்கில்லை.

கருவுற்றபின் இந்நோய் எவ்விதம் நடந்துகொள்ளும் என்பதை முன்கூட்டியே அறிதல் அரிது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு நோய் தணிகின்றது. மற்றொரு பங்கினருக்கு மாற்றமின்றி நிற்கின்றது. எஞ்சிய பங்கினருக்கோ முன்னிலும் கடுமையாகின்றது. நோய் கடுமையாக இருந்த பெண்களே பெரும்பாலும் இம்மூன்றாம் வகுப்பிற் சேருகின்றனர். இடை மாதங்களிலே, சிறப்பாக ஆறாம் மாதத்தை ஒட்டிய காலத்தில், இழுப்பு அதிகம் வருவதுண்டு. கடைசி நான்கு வாரங்கள் பெரும்பாலும் அமைதியாகக் கழியும். தன் பங்கில் எது விழும் என்பதை எந்தப் பெண்ணும் அறியாள். ஆதலினால் "போன மாதம் சுகமாயிருந்தேன்" என்பதை நம்பி இருந்துவிடாமல், நான்கு தொடக்கம் ஆறு வாரங்களுக்கு ஒரு முறை மூச்சின் நிலையை வைத்தியரிடம் காட்டிக்கொள்ளுதல் நன்று.

ஒரு மூச்சில் இரு உயிர்

கருவுற்ற பெண்ணின் உடல் தன் மூச்சையும் பிள்ளைக்கென மாற்றியமைத்துக் கொள்கின்றது. புறோஜெஸ்தரோன் என்னும் ஓமோன் மூளையிலுள்ள சுவாச நிலையத்தைத் தூண்டுவதால், ஒரு நிமிடத்தில் அவள் சுவாசிக்கும் காற்றின் அளவு நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு வரை கூடுகின்றது. அவளது உடல் செலவிடும் ஒட்சிசனும் நூற்றுக்கு 20 பங்கு அளவில் மிகுகின்றது. வளரும் கருப்பை பிரிமென்றகட்டை ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் மேலே தள்ளுகின்றது.

இக்காரணங்களால், எந்நோயுமற்ற கர்ப்பிணிகளுள்ளும் பத்துப் பேரில் ஆறேழு பேர் மூச்சு முட்டுவதாகக் கூறுவர். இஃது இயற்கை. ஆனால், இயற்கையான அம்மூச்சுமுட்டலில் இருமல் இராது. நெஞ்சில் ஒலி எழாது. நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்து உட்காரும் நிலை வாராது. இவை தோன்றினால் அது கர்ப்பத்தின் இயல்பென்று எண்ணிச் சும்மா இருத்தல் தவறு.

மாணவர்களும் அறியத்தக்க செய்தி ஒன்று இங்குண்டு. கர்ப்பிணி மிகுதியாகச் சுவாசிப்பதால் அவளது இரத்தத்தில் உள்ள காபனீரொட்சைட்டின் அமுக்கம், மற்றையோரிற் போல இரசம் 40 மில்லிமீற்றர் அளவில் இராமல், 30 மில்லிமீற்றர் அளவிற்குத் தாழ்ந்திருக்கும். இழுப்பு வந்த கர்ப்பிணியின் இரத்தத்தைச் சோதித்தபோது 40 என்று கண்டால், பிறருக்கு அது நல்ல செய்தி. அவளுக்கோ அது மூச்சுத் தசைகள் களைத்துப் போனதன் அறிகுறி. "கணக்குச் சரியாகத்தானே இருக்கிறது" என்று வாளாவிருத்தல் அங்கே உயிருக்கே உலைவைக்கும்.

இனி வயிற்றிலுள்ள சிசுவின் நிலையைப் பார்ப்போம். சிசு சுவாசிப்பதில்லை. தாயின் இரத்தம் கொண்டுவரும் ஒட்சிசனையே சூல்வித்தகத்தின் வழியாக அது பெற்றுக்கொள்கின்றது. தாய் நலமாக இருக்கும் வேளையிலும், தொப்புட் கொடி வழியாகச் சிசுவை அடையும் இரத்தத்திலுள்ள ஒட்சிசனின் அமுக்கம், தாயின் நாடிகளில் ஓடும் இரத்தத்தில் உள்ளதன் மூன்றிலொரு பங்கே ஆகும். ஒட்சிசனை இறுகப் பற்றும் தனிவகை ஈமோகுளோபின் சிசுவின் இரத்தத்தில் இருப்பதாலேயே அக்குறைந்த அளவுகொண்டு அது வளர முடிகின்றது. சேமித்து வைக்க இடமில்லாத இக்குடித்தனத்தில் வரவு சிறிது குறைந்தாலும் துன்பம் உடனே தெரியும். தாய் "கொஞ்சம் இழுக்கிறது, பொறுத்துக்கொள்வேன்" என்று கூறும் வேளையில், அவளினும் அதிகமாகப் பொறுத்துக்கொண்டிருப்பது சிசுவே.

நோய் அடங்காதிருக்கும் தாய்மாரிடையே குறைமாதப் பிரசவமும், எடை குறைந்த குழந்தைகளும், இரத்த அழுத்தம் உயர்ந்து சிறுநீரிற் புரதம் கழியும் கர்ப்பகால நோயும் மிகுதியாகக் காணப்படுகின்றன. நோயை நன்கு அடக்கி வைத்திருக்கும் தாய்மாரோ, ஏனைய தாய்மாரைப் போலவே பெரும்பாலும் சுகமாகப் பிள்ளை பெறுகின்றனர். தொய்வு நோயுள்ள பெண் தாயாகலாமா என்று கலங்குவோருக்கு இதுவே விடை.

அச்சம் எங்கிருந்து வந்தது?

கர்ப்ப காலத்தில் மருந்தென்றால் அஞ்சும் பெரியோரை நாம் எள்ளி நகையாடுதல் முறையன்று. அவ்வச்சத்திற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டில் ஜேர்மனியில் தலிடொமைட் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. நித்திரைக்கும், கர்ப்பிணிகளின் காலை நேரக் குமட்டலுக்கும் ஏற்றதென அது பரப்பப்பட்டது. அதனை உட்கொண்ட தாய்மாருக்குக் கைகால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறந்தன. 1961ஆம் ஆண்டின் இறுதியில் அம்மருந்து ஜேர்மனியிலே திரும்பப் பெறப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. உலகெங்கும் 10,000இற்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். அமெரிக்காவில் மட்டும், போதிய சான்று காட்டும் வரை அனுமதி தர முடியாது என்று பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண் அதிகாரி உறுதியாக நின்றதால் பெருந்தீங்கு தவிர்க்கப்பட்டது.

அத்துயரம் உலகுக்குக் கற்பித்த பாடம் யாது? எல்லா மருந்தையும் வீசிவிடுக என்பதன்று. ஒவ்வொரு மருந்தையும் ஆராய்ந்து, கணக்கெடுத்து, பின்னரே தீர்மானிக்க வேண்டும் என்பதே. தொய்வு மருந்துகள் அவ்வாறு கணக்கெடுக்கப்பட்டுள்ளன. சுவீடன் நாட்டிலே பிறக்கும் பிள்ளைகள் யாவரினதும் விபரங்கள் பதிவேட்டில் எழுதப்படுகின்றன. கருவுற்ற முதல் மாதங்களில் பியூடசொனைட் என்னும் மருந்தைச் சுவாசித்த தாய்மாருக்குப் பிறந்த 2,014 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 1999இல் முடிவு வெளியிடப்பட்டது. பிறவிக் குறைபாடு கண்டோர் அவர்களுள் நூற்றுக்கு 3.8, நாட்டின் எல்லாக் குழந்தைகளுள்ளும் நூற்றுக்கு 3.5. இவ்விரண்டிற்குமிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்பது தெளிவு. அதன் பின்னர் வந்த ஆய்வுகளும் நம்பிக்கையையே வளர்த்துள்ளன.

மருந்துகள் இரு வகை

தொய்வுக்குரிய மருந்தை ஆவி போலத் தெளித்துச் சுவாசிக்கும் குழலை நம் நாட்டில் யாவரும் 'பம்ப்' என்றே அழைக்கின்றனர். அது தோன்றிய வரலாறு சுவையானது. அமெரிக்காவில் ரைக்கர் மருந்துக் கம்பெனியின் தலைவராயிருந்த ஜோர்ஜ் மெய்சன் என்பவருக்குத் தொய்வு நோயுள்ள 13 வயது மகள் ஒருத்தி இருந்தாள். கண்ணாடிக் கருவியிற் கைப்பந்தை அமுக்கி அமுக்கிச் சலித்த அவள், வாசனைத் தைலம் தெளிக்கும் குப்பியைப் போலத் தன் மருந்தையும் ஏன் செய்யக் கூடாது என்று 1955இல் தந்தையை வினவினாள். அடுத்த ஆண்டே அத்தகைய பம்ப் விற்பனைக்கு வந்துவிட்டது.

பம்பினால் உள்ள நன்மை பெரிது. மருந்து நேரே சுவாசக் குழாய்களைச் சென்றடைவதால் மிகச் சிறிய அளவே போதுமானது. இரத்தத்திற் கலப்பது சொற்பம். சிசுவை அடைவது அதனினும் சொற்பம்.

பம்பில் இரு வகை மருந்துகள் உண்டு. ஒன்று, சல்பியூட்டமோல் போல உடனே இளக்கம் தருவது. இது பெரும்பாலும் நீல நிறப் பம்பில் வரும். இறுகிய தசைகளைச் சில நிமிடங்களில் தளர்த்தும். அதன் பயன் நான்கு முதல் ஆறு மணி நேரமே. மற்றொன்று, பியூடசொனைட், பெக்ளோமெத்தசோன் போன்றது. குழாய்களின் அழற்சியை நாளடைவில் தணித்து இழுப்பு வராமற் காப்பது. பிந்தியது உடனே சுகம் காட்டாமையால், "இதனால் ஒரு பயனும் இல்லை" என்று அதனையே பலர் முதலில் நிறுத்துகின்றனர். கூரையை மேய்வது மழை பெய்யும் பொழுதன்று, மழைக்கு முன்னரே. உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டி நூலும் 2019ஆம் ஆண்டு முதல், உடனே இளக்கம் தரும் மருந்தை மட்டும் நம்பியிருத்தல் கூடாது என வற்புறுத்தி வருகின்றது. கர்ப்ப காலம், காக்கும் மருந்தைக் குறைத்துப் பார்ப்பதற்குரிய காலமன்று என்றும் அது கூறுகின்றது.

பம்பை உபயோகிக்கும் முறை தவறினால் மருந்து நாவிலும் தொண்டையிலும் படிந்து வீணாகும். முதலிற் குலுக்குக, மூச்சை முற்றாக வெளியே விடுக, பம்பை அழுத்தும்போதே மெல்ல ஆழ்ந்து உள்ளிழுக்க, 10 விநாடி மூச்சை அடக்கி வைக்க. காக்கும் மருந்தாயின் பின்னர் வாயைக் கொப்பளித்து உமிழ்க. மருந்து தங்கி நிற்கும் இடைக்கலம் ஒன்றைப் பொருத்தி இழுத்தல் இன்னும் நன்று. அதனை விலைக்கு வாங்க இயலாதோரும் மனந்தளர வேண்டியதில்லை. 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலின் அடியில் பம்பின் வாயளவுக்குத் துளையிட்டுச் செய்த இடைக்கலமும் நன்கு பயன்படும் எனத் தென்னாபிரிக்காவில் குழந்தைகளிடையே நடத்திய ஆய்வொன்று 1999இற் காட்டியது. வைத்தியரிடமோ தாதியிடமோ செய்முறையைக் கேட்டறிந்து கொள்க.

இழுப்பு மிகும்போது பிரெட்னிசொலோன் குளிசைகளை வைத்தியர் தரலாம். இதனைக் கண்டு அஞ்சுவோர் பலர். ஆனால், சூல்வித்தகம் ஒரு காவலாளியைப் போல நின்று அம்மருந்தின் பெரும் பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடுகின்றது; பத்திலொரு பங்களவே சிசுவை அடைகின்றது. இவ்விடயத்தில் வைத்தியர்களும் தயங்குவதுண்டு. இழுப்போடு அவசர சிகிச்சைப் பகுதிக்கு வந்த பெண்களைப் பற்றி அமெரிக்காவில் 1999இல் வெளிவந்த ஆய்வொன்றில், கருவுறாத பெண்களுள் நூற்றுக்கு 66 பேருக்கு இவ்வகை மருந்து கொடுக்கப்பட, கருவுற்றவர்களுள் 44 பேருக்கே கொடுக்கப்பட்டதாகத் தெரிந்தது. இரு வாரங்களின் பின்னும் இழுப்பு நீங்காமல் அல்லலுற்றோர் கருவுற்ற பெண்களிடையே பன்மடங்கு அதிகம். தயக்கமும் ஒரு தீங்கே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

வீட்டிற் கவனிக்க வேண்டியவை

மருந்து ஒரு பாதி. வீடு மறு பாதி. விறகடுப்புப் புகை நிறைந்த குசினியிற் கர்ப்பிணியை மணிக்கணக்கில் நிற்க விடுதல் கூடாது. வேறு அடுப்புக்கு வழியில்லாவிடின், உலர்ந்த விறகை உபயோகித்து, யன்னலைத் திறந்து வைத்து, புகை மூட்டும் வேலையை வேறொருவர் ஏற்றுக்கொள்ளலாம். நுளம்புச் சுருளுக்குப் பதிலாக நுளம்பு வலை கட்டுக. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையை அவள் இல்லாத அறையோடு நிறுத்திக்கொள்க. வீட்டினுள் சிகரெட் பிடிக்கும் கணவன்மாருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே: அப்புகை உங்கள் பிள்ளையின் மூச்சையே தொடுகின்றது. வாசலுக்கு வெளியே போவதிலும், பழக்கத்தையே விட்டுவிடுவது மேல்.

பழைய பஞ்சு மெத்தை, தலையணை, தடித்த திரைச்சீலை ஆகியவற்றில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் குடியிருக்கும். உறைகளை வாரந்தோறும் வெந்நீரில் தோய்த்து வெயிலிற் காய வைக்க. கரப்பான் பூச்சியின் எச்சமும் இழுப்பைத் தூண்டும். எச்சிற் பாத்திரங்களை இரவில் அப்படியே விட்டு வைத்தல் ஆகாது. ஒட்டடை அடிக்கும் நாளிலும், தும்புத்தடியால் வீடு கூட்டும் வேளையிலும் கர்ப்பிணி வெளியே இருக்கட்டும்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். வாழைப்பழம் குளிர், தயிர் சளி, தோடம்பழம் ஆகாது என்று ஒவ்வொன்றாக விலக்கி, இரு உயிர்க்கு உண்ண வேண்டியவளை வெறுஞ் சோற்றோடு விடுதல் பெருந்தவறு. ஒரு பொருளை உண்டவுடன் இழுப்பு வருவதை அவளே கண்டிருந்தாலன்றி எதனையும் விலக்க வேண்டியதில்லை. இரவு உணவைச் சிறிதாகவும் நேரத்தோடும் உண்டு, தலைப்பக்கம் சற்று உயர்த்திப் படுத்தால் நெஞ்செரிவும் அதனாற் பிறக்கும் இருமலும் குறையும். சளிக்காய்ச்சல் தடுப்பூசி கர்ப்பிணிகளுக்கு ஏற்றது. அது கிடைக்குமாயின் வைத்தியரைக் கேட்டுப் போட்டுக்கொள்க.

கை மருந்தில் எச்சரிக்கை வேண்டும். ஆடாதோடை இருமலுக்கும் சளிக்கும் தொன்றுதொட்டு வழங்கிவரும் மூலிகையே. எனினும் அதிலுள்ள வாசிசின் என்னும் பொருள் கருப்பையைச் சுருங்கத் தூண்டும் இயல்புடையது. ஆதலின் கர்ப்பிணிக்கு ஆடாதோடைக் கியாழம் ஆகாது. பம்பைத் தீங்கெனத் தள்ளிவிட்டு, இயற்கையானதென எண்ணி இதனைப் பருகக் கொடுக்கும் வீடுகள் இதனைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

ஆபத்தின் அறிகுறிகள்

இளக்கம் தரும் பம்பின் பயன் நான்கு மணி நேரமும் நில்லாமை. மூச்சு வாங்குவதால் ஒரு வசனத்தை முழுமையாகச் சொல்ல இயலாமை. உதடும் நகமும் நீலம் பாய்தல். வயிற்றிற் பிள்ளையின் அசைவு குறைதல்: இவற்றுள் ஒன்று கண்டாலும் விடியும் வரை காத்திருத்தல் கூடாது. அவளைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைக்க. இடைக்கலத்தின் வழியாக, ஒரு முறைக்கு ஒன்றாக, அரை நிமிடம் தொடக்கம் ஒரு நிமிடம் வரை இடைவெளி விட்டு, 10 முறை வரை நீலப் பம்பைக் கொடுக்கலாம். அதே வேளையில் வாகனத்துக்கு ஆளனுப்புக. 2016இல் நம் நாட்டில் தொடங்கிய சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையின் 1990 என்னும் இலக்கத்தை வீட்டுச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தல் புத்திசாலித்தனம். ஆஸ்பத்திரியிலே ஒட்சிசன் கொடுத்தும், ஆவியாக மருந்து கொடுத்தும் தாயைத் தேற்றுவதோடு, சிசுவின் இருதயத் துடிப்பையும் கவனிப்பர்.

பிரசவமும் அதன் பின்னும்

பிரசவ வேளையில் கடும் இழுப்பு வருவது அரிது. ஆயினும் பிரசவ அறைக்குப் பம்பையும் கொண்டு செல்க. வழக்கமான மருந்தை அன்றும் தவறவிடற்க. தொய்வு நோய் உண்டென்பதைக் குடும்பநல மருத்துவமாதுவிடமும் கிளினிக் வைத்தியரிடமும் முதல் நாளே கூறி, கர்ப்பிணி அட்டையில் எழுதுவிக்க வேண்டும். அதற்குத் தக்க காரணம் உண்டு. பிரசவத்தின் பின் இரத்தப் பெருக்கை நிறுத்தத் தரும் கார்போபுரோஸ்ற், இரத்த அழுத்தத்திற்குத் தரும் லபெற்றலோல் ஆகியவை தொய்வு நோயாளருக்கு இழுப்பை உண்டாக்கக் கூடும். அஸ்பிரின் ஒவ்வாதோரும் அதனை மறைக்கலாகாது. கர்ப்பிணிகள் சிலருக்கு இரத்த அழுத்த நோய் வராமற் காக்க அதனைச் சிறு அளவிற் கொடுக்கும் வழக்கம் உண்டு. நோயை அறிந்த வைத்தியர் இவற்றுக்கு ஏற்ற மாற்றைத் தேர்ந்துகொள்வார்.

பிள்ளை பிறந்து மூன்று மாதங்களுக்குள் நோய் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பம்ப் உபயோகிக்கும் தாய் தடையின்றித் தாய்ப்பால் கொடுக்கலாம். மருந்து பாலிற் கலப்பது மிக அற்பம். தாய்க்கு நோய் இருப்பின் பிள்ளைக்கும் வரும் வாய்ப்புச் சற்று அதிகமே. எனினும் வந்தே தீரும் என்பதில்லை. புகையற்ற வீட்டை அப்பிள்ளைக்கு அளிப்பது பெற்றோரின் கையில் உள்ளது.

முதலிற் கூறிய அந்த வீட்டுக்கு மீண்டும் செல்வோம். மருமகளின் மேலுள்ள அன்பினாலேயே மாமியார் அம்மருந்தை விலக்கச் சொன்னார். அதே அன்போடு அடுத்த கிளினிக் நாளில் அவரும் உடன் சென்று, "இந்தப் பம்ப் பிள்ளைக்குக் கூடுமா, கூடாதா?" என்று வைத்தியரையே நேரிற் கேட்கட்டும். விடை கேட்டு வீடு திரும்பியதும், அலுமாரியின் மேல் தட்டில் இருக்கும் பம்பை அவர் கையாலேயே எடுத்து, மருமகளின் தலைமாட்டில் வைக்கட்டும். பிறக்கப் போகும் பேரப்பிள்ளைக்கு அவர் அளிக்கும் முதற் பரிசு அதுவாகவே இருக்கும்.